பவுலினா பூட்டிய காற்றுக் குழாய்

ஓசூர் பாகலூர் சாலையில் ஹோஸ் வெடித்து ஒரு ஜேசிபி நின்றுவிட்டால், டிரைவர் கடை தேடி அலைய வேண்டியதில்லை. எந்த டீக்கடையில் கேட்டாலும் பவுலினா அக்கா ஒர்க்‌ஷாப்பைக் கை காட்டுவார்கள். அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு, ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி சுமந்தவள். ஒரு ஹோஸ் கம்பெனியில் ஹெல்பராக நுழைந்து, பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டவள். இன்று சொந்த மிஷின் போட்டு, சொந்த ஷட்டரைத் தூக்குகிறாள் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? குவாரி முதலாளிகளே அவளுக்காக வாசலில் காத்து நின்றிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவளைத் தேடி விமல்ராஜ் வந்தான். அத்திப்பள்ளிப் பக்கம் நீச்சல் குளம் வைத்து, தண்ணீருக்கடியில் மூச்சுவிட்டு நீந்தக் கற்றுக்கொடுப்பவன். முதுகில் கட்டும் சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று கொண்டுவரும் குழாய் ஒன்று. உள்ளே எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மீட்டருக்குப் போகும் குழாய் இன்னொன்று. இவற்றைப் பழுது பார்க்க அதுவரை சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

“எதுக்கு தம்பி சென்னை? இங்க நான் ஒருத்தி உசுரோட இருக்கறது தெரியலியா?” என்றாள் பவுலினா. வாங்கிப் பூட்டியும் கொடுத்தாள். அதோடு விட்டாளா? பெயின்டரைக் கூப்பிட்டு, ‘தண்ணீருக்குள் போகும் ஹோஸும் இங்கே சர்வீஸ் செய்யப்படும்’ என்று போர்டிலும் எழுதி வைத்தாள்.

மறு வாரமே விமல்ராஜ் பையோடு திரும்பி வந்து நின்றான்.

“அக்கா, வாயில வெக்க முடியல. டீசல் குடிச்சாப்ல இருக்குது. ஒரு பொண்ணு வாந்தியே எடுத்துடுச்சு.”

“லீக்கா?”

“லீக்கெல்லாம் இல்ல. மீட்டர் முள்ளுகூட ஆடல.”

“அப்பறம் என்னா? என் வேலையில குத்தம் சொல்ல ஓசூர்ல ஆளு பொறக்கல தம்பி.”

“நீங்களே ஒருவாட்டி இழுத்துப் பாருங்க.”

அவன் கொண்டுவந்த சிலிண்டரில் மாட்டித் திறந்தான். பவுலினா வாயில் கவ்வி இழுத்தாள். முகம் கோணிப்போயிற்று. வாயெல்லாம் ஜேசிபி.

“ஞாயித்துக்கெழம புது பேட்ச் வருதுக்கா. அதுக்குள்ள சரியாவலன்னா சென்னைக்கே போட்டுடறேன். கோச்சுக்காதீங்க” என்று சொல்லி, பையை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மிஷினில் நின்ற உதவியாள் சின்னராஜுக்கு வாய் சும்மா இருக்குமா? “அக்கா, போர்ட அழிக்க தின்னர் வாங்கியாரட்டா?”

“உன்ன அழிக்கறதுக்கு வாங்கியா, போ!”

சீறிவிட்டு, குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த வேலை கைவிட்டுப் போனால் நாளைக்கு ஜேசிபிக்காரன்கூடச் சிரிப்பான். என்ன தப்பாகப் போயிற்று? இணைப்பில் புது ஓ ரிங் வளையம் போட்டாள். விமல்ராஜ் கொடுத்த கிரீஸையேதான் தடவினாள். சோப்புத் தண்ணீரில் கழுவி, கம்ப்ரஷரில் மாட்டிய ஏர் கன்னால் ஊதிக் காயவைத்து...

அந்த இடத்தில் அவள் மனசு நின்றது.

எதிரே சின்னராஜ் சாப்பிடப் போகுமுன் ஏர் கன்னால் சட்டைத் தூசியை ஊதிக்கொண்டிருந்தான். ஒர்க்‌ஷாப் என்றால் அப்படித்தான். எதையும் ஊதினால்தான் சுத்தம் செய்த மாதிரி. பவுலினா ஒரு வெள்ளை வேட்டித் துண்டைக் கிழித்து வந்தாள்.

“இதும்மேல ஊது.”

“எதுக்குக்கா?”

“ஊதுடா!”

ஊதினான். துணியில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் எண்ணெய்.

“கம்ப்ரஷர் எண்ணெய கக்கிக்கினு இருக்குது! கழுவினத நாமளே நாறடிச்சு அனுப்பியிருக்கறோம்” என்றாள். தப்பு பிடிபட்டதில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

பின்பக்க அறையைக் காலி செய்தாள். புது மேசை, புது ஸ்பேனர். அந்த அறைக்குள் ஏர் கன் வரக்கூடாது என்று உத்தரவு போட்டாள். எல்லாக் குழாயையும் கழற்றி, வெந்நீரில் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்ப அலசினாள். தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் சிலிண்டர் ஒன்றை விமல்ராஜிடம் கேட்டு வாங்கி, அந்தச் சுத்தக் காற்றிலேயே காயவைத்தாள். வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

ஞாயிறு காலை, சர்ச்சில் விடிகாலை முதல் பூசையையே பார்த்து முடித்துக்கொண்டு அத்திப்பள்ளிக்குப் போனாள்.

“முதல்ல நான் எறங்கறேன்” என்றாள்.

“அக்கா, நீச்ச தெரியுமா?”

“நெஞ்சளவு தண்ணியில நிக்கத் தெரியும். போதாதா?”

விமல்ராஜ் கையைப் பிடித்துக்கொண்டான். “மூச்ச அடக்கக் கூடாது. விட்டுக்கினே இருக்கணும்.”

சுடிதாரோடு இறங்கி, குழாயைக் கவ்வி, தலையை அமிழ்த்தினாள். பிறகு இழுத்தாள். காற்று வந்தது. டீசல் இல்லை, எண்ணெய் இல்லை, வெறும் காற்று. விட்டதும் குமிழிகள் காதோரமாகக் கடகடவென்று ஏறின. இன்னொரு முறை இழுத்தாள். இன்னொன்று. மேலே வர மனசே வரவில்லை. விமல்ராஜ்தான் இழுத்து நிறுத்தினான்.

“எப்பிடிக்கா?”

“நீயே இழுத்துப் பாரு.”

அவன் வாங்கி இழுத்தான், மறுபடி இழுத்தான். கரையில் நின்ற புது ஆட்களைப் பார்த்து, “எல்லாரும் மாட்டிக்கலாம்” என்றான். பவுலினா பக்கம் திரும்பி, “குடோன்ல இன்னும் ஒரு மூட்ட குழாய் கெடக்குதுக்கா. சாய்ந்தரம் கொண்டாந்து போடட்டா?” என்றான்.

“போடு. பூட்றதும் நானு, முதல் மூச்சு விடறதும் நானு. வேற எவனும் தொடக் கூடாது” என்று சொல்லி, அவன் கையிலிருந்த குழாயைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள்.