பத்தியச் சட்டியில் பொரிந்த கடுகு

எட்டாவது வரை படித்தவன் நான். சபையில் நாலு வார்த்தை பேசச் சொன்னாலே பின்வரிசைக்கு நழுவிவிடுவேன். நோயைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை? பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) கண்டவர்கள் யாராவது படித்தால் போதும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருடம், புரட்டாசியில், நடவு வயலில் நின்றிருந்த என் மனைவி செல்லம்மாள் தலை கனக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தாள். மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரி மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது. ஆளும் கூடவே இளைத்துக்கொண்டு போனாள்.

ஐப்பசி மழையில் மறுபடி வண்டி கட்டி அழைத்துப் போனேன். டாக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டில் எலும்புதான் இருந்தது.

"காய்ச்சல் போயி பத்து நாளாவுது. இன்னா குடுக்கறீங்க?"

"கஞ்சித் தண்ணிங்க. எங்க அக்கா அதான் குடுக்கச் சொல்லுது."

"காய்ச்சல்ல பொழச்சவங்களப் பட்டினி போட்டுக் கொல்லப் போறீங்களா? பரங்கிக்காயும் பாசிப்பருப்பும் கொழைய வேகவச்சி, கடைஞ்சி, துணியில வடிகட்டிக் குடுங்க, சூப்பு மாதிரி. இந்த வாரம் தேறலன்னா என்னக் கேக்காதீங்க."

அக்கா என்றது என் மூத்த சகோதரியை. நோயாளியைப் பார்த்துக்கொள்ள மடுகரையிலிருந்து வந்து எங்கள் அடுப்பைக் கைப்பற்றியவள். விஷயத்தைச் சொன்னதும் சீறினாள்.

"காய்ச்சக்காரிக்குப் பரங்கிக்காயா? வாய்வுடா அது! அந்த டாக்டரு அவன் பொண்டாட்டிக்குக் குடுப்பானா?"

நலம் விசாரிக்க வந்து எங்கள் வெற்றிலையை மென்றுகொண்டிருந்த பங்காளி ஒருவர் சிரித்தார். "வெள்ளக்காரன் கப்பலேறிட்டான். அவன் சூப்பு மட்டும் உன் வூட்லயே குந்திகிச்சாடா?"

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் நோயைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கன்னத்துக் குழியைப் பார்த்து, தேறாது என்று உதட்டைப் பிதுக்கி, காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைவிடக் கேவலமானவன் நான். நாலு நாள் அக்கா காய்ச்சிய கஞ்சித் தண்ணீரையே கொடுத்துக்கொண்டிருந்தேன். பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் டம்ளரைப் பிடிக்கச் செல்லம்மாளுக்குக் கை எழவில்லை.

அக்கா பாகூர் சந்தைக்குப் போயிருந்தாள். கூரைமேல் கிடந்த பரங்கியை அறுத்தேன். தோல் சீவி, பருப்போடு குழையவிட்டு, மத்தால் கடைந்து, பழைய வேட்டித் துண்டில் வடிகட்டினேன். உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டேன். அதோடு இறக்கியிருக்க வேண்டும். ஆனால் தாளிக்காமல் குழம்புச் சட்டி இறங்கி நான் பார்த்ததே இல்லை. என் கை தானாகவே கரண்டியைக் காயவைத்துக் கடுகைப் போட்டுவிட்டது.

காய்ச்சல் கண்ட வீட்டில், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை தாளிக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. பொரிந்த பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. அதற்குள் வாசனை தெருவுக்குப் போய்விட்டது. சந்தையிலிருந்து திரும்பிய அக்கா கூடையோடு உள்ளே ஓடிவந்தாள்.

"காய்ச்ச வூட்ல தாளிக்கிறியாடா, பாவி!"

சட்டியைப் பிடுங்கினாள்.   நான் விடவில்லை.

அறைக்குள்ளிருந்து செல்லம்மாளின் குரல் வந்தது.

"அண்ணி, மொதல்ல அதக் குடுக்கச் சொல்லுங்க. அப்பறமா திட்டுங்க."

அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அக்காவின் பிடி தளர்ந்தது.

"வயிறு உப்பிச் செத்தான்னா என்னக் கூப்புடாத" என்று வாசலில் போய் உட்கார்ந்தாள். நல்ல வாயல்ல அது.

செல்லம்மாள் எட்டுக் கரண்டி குடித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை காலத்தை வாரக் கணக்கில் எண்ணியவன், அன்று ஒவ்வொரு விழுங்கலாக எண்ணினேன்.  இன்றும் யாராவது அதட்டினால் எனக்குப் பயம்தான். முன்போல அதற்காக வெட்கப்படுவதில்லை.

மறுநாள் வயிறு உப்பவில்லை. செல்லம்மாள் இரண்டு வேளை குடித்தாள். அக்கா அடுப்பை என்னிடம் விட்டுவிட்டு மதிய பஸ்ஸில் மடுகரைக்குப் போனாள்.