மரத்தின் மேலொரு வீட்டுக்காரர்

விவசாயியின் பெண்டாட்டியாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான் என்பதை விவசாயிகளின் பெண்டாட்டிகளைத் தவிர வேறு யாரும் ஒப்புக்கொள்வதில்லை. போன வருஷம் ஏதோ விவரம் எழுத ஒரு பெண் வந்தாள். அப்போது என் ஒரு கையில் பால் சொம்பு, இடுப்பில் குச்சிக்கிழங்குக் கூடை, முந்தானையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பேத்தி. "என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டவள், நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிக்கொண்டு எழுதிவிட்டாள்: "வேலை எதுவும் இல்லை."

இதைப் படிக்கிற சகோதரிகளே, நீங்களும் என்னைப் போல் 'வேலை எதுவும் இல்லாமல்' காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கிறவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குக் கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் கொஞ்சம் காடு இருக்கிறது; வெள்ளாமை நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்ந்த மிளகுக்கொடி, நாலு பலா, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, வீட்டுச் சாப்பாட்டுக்குச் சாமை. மாடு இரண்டு, ஆடு ஐந்து. ஒரே மகள் வசந்தாவை அடுத்த காட்டிலேயே கட்டிக்கொடுத்ததால் அவளும் மருமகனும் ஏழு வயசுப் பேத்தி தேன்மொழியும் கூப்பிடு தூரத்தில். இவர்கள் எல்லாரையும் நான் மேய்த்துவிடுவேன். மேய்க்க முடியாதவர் ஒருவர்தான், என் வீட்டுக்காரர்.

பேரை எழுத மாட்டேன். வாயால் சொல்லித்தான் பழக்கமில்லை, எழுதவாவது செய்யலாமே என்று மகள் சொல்கிறாள். எழுதவும் கை வரவில்லை. வயசு அறுபத்தெட்டு. போன தை மாதம் முழுக்க அந்த மனுஷனை மரத்திலிருந்து இறக்கித் தரையில் நிறுத்துவதற்கு நான் பட்ட பாடுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எத்தனை அடி வரைக்கும்?

மிளகு பறிப்பு ஆரம்பித்த முதல் வாரம். மரத்திலிருந்து இறங்கியவர் அப்படியே அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. என்னவென்று கேட்டால் முசுறு எறும்பு கடித்துவிட்டதாம். கல்யாணமான இந்த நாற்பத்து நாலு வருஷமாக முசுறு கடித்தால் மரத்தோடு சேர்த்து எறும்பின் பரம்பரையையே திட்டுகிறவர், அன்றைக்கு மட்டும் சத்தமே காட்டவில்லை. மருமகன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நர்சம்மா இருக்கிறாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். பிரஷர் ஏகத்துக்கும் ஏறிக் கிடக்கிறது, டாக்டர் மாத்திரை எழுதித் தருவார், இனிமேல் மரம் ஏறவே கூடாது என்று சொன்னாள். இவர் பேரம் பேச ஆரம்பித்தார். முப்பதடி வேண்டாம், இருபதடி வரைக்கும் போகலாமா? சரி, பத்தடி? கடைசியில், "நீங்களே ஒரு அளவு சொல்லுங்க சாமி, எத்தனை அடி வரைக்கும் ஏறலாமுங்க?" என்று கேட்டார்.

நர்சம்மா பட்டையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "தாத்தா, நீங்க கட்டில்ல ஏறிப் படுத்துக்கிடலாம். அதுக்கு மேல எதுலயும் ஏறக் கூடாது."

அவரைக்கு ஏணி

மிளகு பறிக்க எங்களிடம் இருப்பது ஒற்றை மூங்கில் ஏணி. முழு மூங்கிலை வெட்டி, கணுவுக்குக் கணு கால் வைக்கிற அளவுக்கு மட்டும் கிளையை விட்டு நறுக்கியது. அதை எங்கே ஒளிப்பது? முப்பதடி மூங்கிலை ஒளிக்கிற மாதிரி மலையில் யாரும் வீடு கட்டவில்லை. யோசித்து யோசித்து, அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வசந்தாவும் நானும் சேர்ந்து அதை அவரைப் பந்தலுக்கு நடுக்காலாக நட்டுக் கட்டிவிட்டோம். கொடியையும் எடுத்து அதன்மேல் சுற்றிவிட்டோம். பூவும் பிஞ்சுமாக இருக்கிற கொடி. அவருக்கு அவரைக்காய் என்றால் உயிர். அறுத்துவிட்டு ஏணியை எடுக்க மனசு வராது என்பது என் திட்டம்.

திட்டம் நல்லதுதான். ஆனால் பந்தல் ஆறடி, ஏணி முப்பதடி. மீதி இருபத்து நாலடியும் கொடிக்கம்பம் மாதிரி வானத்தைப் பார்த்து நின்றது. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்தே தெரிந்திருக்கும். ரேஷன் பையோடு வந்தவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

"ஏம் புள்ள, அவரைக்கொடி மேல ஏறித் தேங்கா பறிக்கப் போகுதா?"

ஒரு குரலுக்கு ஐந்து பேர்

எங்கள் பக்கம் மிளகு பறிப்புக்குக் கூலிக்கு ஆள் தேட மாட்டோம். இன்றைக்கு ஐந்து பேர் சேர்ந்து ஒருவர் காட்டில் பறித்தால், நாளைக்கு அதே ஐந்து பேர் அடுத்தவர் காட்டில். எங்கள் காட்டு முறை வந்தது. "நான் கீழ நின்னு உதிரி பொறுக்கறேன்" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் சாமைச் சோறும் புளிக்குழம்பும் தூக்கிக்கொண்டு போனால், கீழே உதிரி மிளகு இருக்கிறது. பொறுக்குகிற ஆளைக் காணோம். அவருடைய செருப்பு மட்டும், யாரோ கொண்டுவந்த ஏணி சாய்ந்திருக்கிற ஒரு மரத்தடியில் ஜோடியாக இருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் சோற்றுக் கூடையை வைத்துவிட்டுக் கத்தினேன்: "ஏனுங்க! மரியாதையா கீழ எறங்கி வாங்க!" ஐந்து மரத்திலிருந்தும் "வாரேன்" என்று ஐந்து குரல் வந்தது. நாலு மரத்திலிருந்து நாலு பேர் கடகடவென்று இறங்கி, கை கழுவிக்கொண்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் "இந்த ஒரு கொத்து, இந்த ஒரு கொத்து" என்று உச்சியிலேயே இருந்தார். நான் கூப்பிட்டது உங்களையில்லை என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? பரிமாறினேன். வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது.

சாப்பிட்டு எழுந்தபோது பக்கத்துக் காட்டு ராமசாமி அண்ணன்தான் சொன்னார்: "தங்கச்சி, எங்கூட்டுக்காரியும் இதே ராகத்துலதான் கூப்புடுவா. இதைக் கேட்டுப்போட்டு எறங்காம இருந்தா எங்களுக்கு ஊட்ல சோறு கெடையாதுங்க."

தரையில் நாலு நாள்

பிறகு மகள் அழுது, மருமகன் கெஞ்சி, தேன்மொழி "அப்புச்சி, நீங்க ஏறுனா உங்ககூட டூ" என்று அறிவித்து, ஒருவழியாக வீட்டில் உட்கார வைத்தோம். காயப்போட்ட மிளகைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. முதல் நாள் கோழியைப் பார்த்தார். இரண்டாம் நாள் அந்த வேலையைப் பேத்தியிடம் ஒப்படைத்துவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்.

புருஷன் வீட்டோடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிற சகோதரிகள் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கவும். ஒரு சட்டி பாக்கியில்லாமல் மூடியைத் திறந்து பார்த்தார். வெங்காயத்துக்கு முன்னால் ஏன் கடுகு போடுகிறாய் என்றார். வாசல் மெழுகினால், வடக்கு மூலையில் சாணி போதவில்லை என்றார். மாட்டை நான் கறக்கிற விதம் மாட்டுக்கே பிடிக்கவில்லை என்றார். நாலாம் நாள் எனக்குத் தலை சுற்றியது. நானே ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சம்மாவிடம் கையை நீட்டலாமா என்று யோசித்தேன்.

அன்றைக்கு மோர் வாங்க வந்த வசந்தா, அப்பா எனக்கு மோர் கடையச் சொல்லிக்கொடுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "ஏம்மா, அப்பாவ ஒரு சின்ன மரத்துலயாவது ஏத்தி உட்டுருவோமா?"

மருமகன் ஓடி வந்த காரணம்

இதை எழுதாமலே விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஏனென்றால் பந்தலிலிருந்து ஏணியை அவிழ்த்துக் கொடுத்தது நான்தான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, ஓடையோரத்து மரம் ஒன்று மட்டும் பாக்கி, பத்தடிக்கு மேல் போக மாட்டேன் என்று அவர் சொன்னதை நம்பினேன். நம்பவில்லை, அலுத்துப்போய்த் தலையாட்டினேன் என்பதுதான் நிஜம். நானும் தேன்மொழியும் கூடவே போய்க் கீழே நின்றோம். பத்தடி பதினைந்தானது, இருபதானது. திடீரென்று மேலிருந்து, "புள்ள, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றார். அந்தக் குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"மரத்தைக் கட்டிப் புடிச்சுக்குங்க! தலைத்துண்டை அவுத்து மரத்தோட சேத்து இடுப்பைக் கட்டுங்க!" என்று கத்தினேன். எப்படியோ கட்டிக்கொண்டார். "கண்ணு, ஓடிப் போயி அப்பனைக் கூட்டியா" என்று பேத்தியை விரட்டினேன். இனி ஆள் வரும்வரைக்கும் அவருக்கு நினைவு தப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாயில் வேறென்ன வரும்? திட்ட ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் திட்டினாலும் மரியாதை குறையாமல்தான் திட்டுவோம். "உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா? கல்யாணத்தன்னைக்கு மாடு கன்னு போடுதுன்னு முகூர்த்தத்துக்கே நேரங்கழிச்சு வந்த ஆளுதானுங்க நீங்க!" மேலேயிருந்து மெல்லிசாகப் பதில் வந்தது: "தலைச்சன் கன்னு புள்ள அது." அப்பாடா, உயிர் இருக்கிறது! "பலாப்பழம் அறுத்த பிசின் கையோட என் கல்யாணப் பட்டுச் சேலையைத் தொட்டு நாசம் பண்ணுனீங்களே!" "அது பிசின் இல்ல, உங்கொம்மா ஊட்டு எண்ணெய்." ஒவ்வொரு வருஷமாக எடுத்துத் திட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொன்னார். பதில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது.

மருமகனைக் காணோம். அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தேன்மொழி மூச்சிரைக்க ஓடிப் போய், "அப்புச்சி மரத்து மேல இருக்காங்க, அம்மாயி கீழ நின்னு திட்டறாங்க, உங்களை வரச் சொன்னாங்க" என்றிருக்கிறாள். மருமகன் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். என் குரல் அங்கேவரைக்கும் கேட்டிருக்கிறது. தினமும் நடக்கிறதுதானே, கையிலிருக்கிற கிழங்கை மூட்டை கட்டிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

இங்கே எனக்குத் திட்டுவதற்குச் சரக்குத் தீர்ந்துபோனது. நாற்பத்து நாலு வருஷக் குறை அவ்வளவுதான் இருந்தது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நிறுத்தினால் அவர் கண்ணை மூடிவிடுவாரோ என்று பயம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வசந்தா பொறந்தப்ப பொட்டப்புள்ளையான்னு ஊரே மூஞ்சியச் சுளிச்சுது. நீங்க ஒருத்தருதானுங்க ஊடு ஊடாப் போயிப் பலாச்சுளை குடுத்தீங்க. நான் காய்ச்சல்ல ஒரு மாசம் படுத்துக் கெடந்தப்ப, மத்த ஆம்பளைங்க சிரிக்கச் சிரிக்க நீங்களே சாமை குத்துனீங்க. இத்தனை வருசத்துல ஒருநாளும் காட்டுலயிருந்து நீங்க வெறுங்கையோட வந்ததில்லீங்க. ஒரு கை சுண்டக்காயாச்சும் துண்டுல முடிஞ்சுக்கிட்டுதான் வருவீங்க. நீங்க வந்து உக்காந்தாத்தானுங்க எனக்குச் சோறு எறங்கும். என்னை உட்டுப்போட்டுப் போயிராதீங்க." கீழே நின்று சத்தமாக அழுதேன். மேலிருந்து ஒரு பதிலும் இல்லை. "ஏனுங்க? ஏனுங்க!" அதற்கும் பதிலில்லை.

அப்போதுதான் மருமகன் கயிற்றோடும் இரண்டு ஆட்களோடும் புதரை மிதித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடி வந்தார். ஏறி, இடுப்பில் கயிறு கட்டி, அலுங்காமல் கீழே இறக்கினார்கள். "அத்தை திட்டற வரைக்கும் ஒண்ணுமில்லைன்னுதானுங்க இருந்தேன். மாமாவப் பத்தி நல்லதாப் பேசறது காதுல உழுந்துச்சு. ஐயோ, ஆளுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு ஓடியாந்தேன்" என்று இரைக்க இரைக்கச் சொன்னார்.

முகத்தில் தண்ணீர் தெளித்தேன். என் மடியில் தலையை வைத்துக் கிடந்தவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "இத்தனை கத்துனனே, உசுரோட இருக்கறன்னு ஒரு வார்த்தை பதில் சொன்னா என்னங்க?" என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"குறுக்க பேசுனா நீ நிறுத்திப்போடுவயேன்னுதான் புள்ள சும்மா இருந்தேன்."

அன்றோடு அவர் மரம் ஏறுவதை விட்டுவிட்டார், மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறார், நான்தான் பாவம், இருந்த குறையெல்லாம் ஒரே மத்தியானத்தில் தீர்த்துவிட்டதால் தினம் காலையில் அவரைத் திட்டுவதற்குப் புதிதாக ஏதாவது தேட வேண்டியிருக்கிறது.