ஒன்பது நெத்திலி

1944ஆம் ஆண்டு, மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சிக் காலம். நான் கிள்ளான் ரயில் ஸ்டேஷனில் பார்சல் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அரிசி கண்ணில் படுவதே அரிது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். வேலை செய்கிறவன் என்று எனக்கு மட்டும் வாரம் ஒரு பொட்டலம் காய்ந்த நெத்திலி கிடைக்கும். வேளைக்கு ஒன்பது என் தட்டில், இரண்டு மகள் தட்டில். சம்பாதிக்கிறவன் விழுந்துவிட்டால் குடும்பம் என்னாவது? எங்கள் ரயில்வே வரிசையின் பதினான்கு வீடுகளிலும் அப்படித்தான்.

மகளுக்கு மூன்று வயது. என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் அவளைப் பார்சல் தராசில் உட்கார வைப்பேன். இருபத்தொரு ராத்தல், இருபத்திரண்டரை, இருபத்து நான்கு. கன்னம் உப்பியது, பாதம் பளபளத்தது. ஓயாமல் அழுதவள் அழுகையையும் நிறுத்திவிட்டாள். கிழங்கிலேயே பிள்ளை தேறிவிட்டாள் என்று ஸ்டேஷன் முழுக்கப் பெருமை பேசினேன்.

மருந்துப் பெட்டி எடுக்க வந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் ஒருவர் அவளைத் தராசில் பார்த்தார். அவள் பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. முப்பது வரை எண்ணினேன், குழி நிறையவில்லை.

"இது சதை இல்ல கிராணி, தண்ணி. பிள்ள பட்டினியில வீங்கிக் கெடக்கு."

"மூணு வேளையும் திங்கிறாளே!"

"கிழங்கு வயித்த ரொப்பும், ஒடம்ப வளக்காது. மீனு, கச்சான் கடலை, பயறு, கெடச்சதக் குடுங்க. இல்லாட்டி அடுத்த மாசம் நிறுக்கப் பிள்ள இருக்காது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மாள் பதறினார். "வீக்கத்துக்கு மீனு ஆகாது. கஞ்சித் தண்ணி மட்டும் குடும்மா."

"பட்டினி மட்டும் ஆகுமா, அக்கா?" என்றாள் மனைவி. என்னைக் கேட்கவில்லை. என் தட்டிலிருந்த ஒன்பதையும் எடுத்து இடித்து, கிழங்கோடு பிசைந்து மகளுக்கு ஊட்டினாள். எனக்குக் கிழங்கும் உப்பும்.

அடுத்த வெள்ளி இருபத்திரண்டு ராத்தல். அதற்கடுத்தது பத்தொன்பது. விலா எலும்புகளை எண்ண முடிந்தது, எண்ணவும் செய்தேன்.

"சொன்னேன்ல! மீனக் குடுத்துப் பிள்ளைய உருக்கிட்டீங்க," என்றார் பக்கத்து வீட்டு அம்மாள்.

மனைவி அசையவில்லை. "தண்ணிதான வடியுது, வடியட்டும். நீங்க தராச விட்டுட்டு நெத்திலிய எண்ணுங்க," என்றாள் என்னிடம்.

மூன்றாம் வாரம், தட்டு காலியானதும் இன்னும் மீன் வேண்டும் என்று மகள் கத்தி அழுதாள். பதினான்கு வீடுகளுக்கும் கேட்டிருக்கும். பாதத்தை அழுத்திப் பார்த்தேன். ஒன்று என்று சொல்வதற்குள் தோல் எழும்பிவிட்டது.

அரிசி இல்லாததால்தான் அப்போது பிள்ளைகள் வாடினார்கள் என்று இன்று யாராவது பேசினால் நான் விடுவதில்லை. என் வீட்டில் ஒன்பது நெத்திலி இருந்தது. அது என் தட்டில் இருந்தது. இன்றும் சின்னவர்கள் தட்டில் விழுந்த பிறகுதான் என் தட்டில் மீன் விழவேண்டும். எப்பேர்ப்பட்ட விருந்தாளி வந்து உட்கார்ந்தாலும் அந்த வரிசையை நான் மாற்றுவதாக இல்லை.