ஆறுக்குப் பிறகு எட்டு

"திங்கள், ஜூலை 1. மாலை. 1, 3, 6, ?, 15. விடைக்குறிப்பில் பத்து. ஒருத்தி மட்டும் எட்டு என்கிறாள். நாளை காரணம் கேட்க வேண்டும்."

நாட்காட்டியிலிருந்து கிழித்த ஜூன் மாதத் தாளின் பின்பக்கம் அன்று நான் எழுதிவைத்தது இவ்வளவுதான்.

பாம்பனில் எங்கள் வீட்டுக்கு அப்போது மூன்று பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள், இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும். மூவரும் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கு ஜனவரியில் நுழைவுத் தேர்வு. மற்றதெல்லாம் பள்ளியிலேயே சொல்லித் தந்தார்கள். எண் வரிசைப் புதிர்கள்தான் பிடிபடவில்லை என்று, நான் அஞ்சலக வேலை முடிந்து வந்ததும் என்னிடம் உட்காருவார்கள். எட்டு என்று சொன்னவள் அந்தப் பெண். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்த ஒரு தேர்வுதான் எழுத முடியும். அவள் அம்மாவுக்கு அந்தப் பள்ளியைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

மறுநாள் கேட்டேன்.

"ஒண்ணாந் தேதி திங்கக்கெழம, மூணு புதன், ஆறு சனி. அடுத்த கடலு எட்டாந் தேதிதானே அத்தை?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். 1, 3, 6, 8, 10, 13, 15. பதினைந்தும் திங்கள்தான். அவளுக்கு வரிசை முழுக்கப் பொருந்தியிருந்தது.

"ஆறுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஒரு எடந்தான் காலியா இருக்கு. ஒன் கணக்குல எட்டு, பத்து, பதிமூணுன்னு மூணு வருதே?"

நாட்காட்டியில் அந்த இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டாள். "பத்தும் பதிமூணும் காத்து அத்தை. டோக்கன் குடுக்கல."

காற்று பலமானால் மீன்வளத் துறை டோக்கன் தராது, அது இல்லாமல் படகு எடுக்க முடியாது என்பது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பையன்களில் ஒருவன் மற்றவன் முதுகில் தட்டினான். "ஏலே, கேள்வித்தாளுக்கே புயல் கொண்டாந்துட்டாடா இவ!"

மகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போனதும் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள். ரெண்டு நாள் கழித்து அந்த வீட்டு மனிதர், "கடலுக்குப் போறவன் வீட்டுல காலண்டர் இல்லாம எப்படிடீ?" என்று கத்திய பிறகுதான் அது திரும்ப ஆணிக்கு வந்தது.

ஆனால் கடல் என்று சொன்னதற்கு அம்மாவிடம் வாங்கிய அடியில் பயம் பிள்ளைக்குள் போய்விட்டது. ஜூலை முழுக்க அவள் தாளில் பாதிக்கு மேல் விடை எழுதாமலே விட்டாள். கேட்டால், "அதுவும் கடலா இருந்துருமோன்னு" என்பாள். தப்பாக எழுதியபோது எனக்கு வராத கவலை அப்போது வந்தது. இப்படியே போனால் ஜனவரியில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருவாள்.

அதனால் ஒரே ஒரு வழக்கம் வைத்தோம். முதலில் மனதில் வருவதை, கடலோ எதுவோ, கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அதைக் கடைசி எண் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் அதை விட்டுவிட்டு அடுத்த வழி. பழைய வரிசையிலேயே தொடங்கினாள். ஒன்றிலிருந்து மூன்றுக்கு ரெண்டு, மூன்றிலிருந்து ஆறுக்கு மூணு, அப்புறம் நாலு, அப்புறம் அஞ்சு. "பத்து! பதினஞ்சும் சரியா வந்துருச்சு அத்தை."

ஆகஸ்ட்டில் 3, 5, 7, ?, 11 என்று ஒரு வரிசை கொடுத்தேன். அந்த மாதம் மூன்றாம் தேதி சனிக்கிழமை. பென்சிலைக் கடித்துக்கொண்டு, "கடல்னா பத்து. ஒத்தப்படைன்னா ஒம்போது. அதுக்கடுத்து என்ன போட்டுருக்காக, பதினொண்ணா? அப்ப ஒம்போது" என்றாள். அன்றைய தாளில் அவள் ஒரு இடத்தையும் காலியாக விடவில்லை. மாலையில் அம்மாவிடம் காட்டினேன். "இனிமே கடலச் சொன்னா அடிக்க மாட்டேன், போதுமா?" என்று மகளின் பின்னலை இழுத்தாள்.

தேர்வு இராமநாதபுரத்தில். மூவரையும் பேருந்தில் கூட்டிப்போனோம். முடிந்து வெளியே வந்தவள் அம்மாவைத் தாண்டி என்னிடம்தான் ஓடிவந்தாள்.

"அத்தை, கடலே வந்துருச்சு! ஒண்ணு, மூணு, ஆறு, எட்டு, பத்து, அடுத்தது என்னன்னு கேட்டுருந்தாக. கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் பதிமூணு போட்டேன்."

"பொய் சொல்றா" என்றான் ஒருவன். "அப்படி ஒண்ணும் வரல." இன்னொருவனுக்கு நினைவில்லை. அம்மா மட்டும், "வந்துச்சோ வரலையோ, எல்லாத்துக்கும் எழுதுனியா?" என்று கேட்டாள். எழுதியிருந்தாள்.

மார்ச்சில் பட்டியல் வந்தது. மூவரில் அவள் பெயர் மட்டும் இருந்தது. ஜூனில் பெட்டியோடு ரயிலேறியபோது, விடுதி அறைச் சுவருக்கென்று ஒரு காலண்டரை அவள் அம்மாவே சுருட்டி உள்ளே வைத்தாள்.

கேள்வித்தாள்களைத் தேர்வறையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. ஆகவே 1, 3, 6, 8, 10 என்ற வரிசை அந்தத் தாளில் உண்மையிலேயே இருந்ததா என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.