சனிக்கிழமையும் இரண்டு போல்ட்டும்

என் வீட்டுக்காரருக்கு ஸ்பேனர் பிடிக்கிற ஆசை உண்டு என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் யாரும் என்னிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை கம்ப்யூட்டர், அமெரிக்கா, சிகரெட் கிடையாது என்று மட்டும்தான் சொன்னார்கள். அதனால் டெக்ஸாஸில் ஆலன் என்கிற ஊரில் வீடு வாங்கிய மறு வருஷம், ஆபீஸில் யாரோ விற்றார்கள் என்று ஒரு பழைய டிராவல் டிரெய்லரை வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, மனுஷன் வேலையை விட்டுவிட்டு சர்க்கஸில் சேர்ந்துவிட்டாரோ என்று நினைத்தேன். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருந்தது. இருக்கிற வீட்டைக் கூட்டிப் பெருக்கவே ஆள் இல்லை, இதில் சக்கரம் வைத்த வீடு வேறு.

மே மாதக் கடைசியில் வரும் லீவுக்கு ஏரிக்கரையில் மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மதியம் கிளம்ப வேண்டும். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என் சைக்கிளும் வரும்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வேலை பார்க்க அனுமதி இல்லாத டிப்பென்டென்ட் விசாவில் வந்தவளுக்கு அதை வைத்து ஊறுகாய்தான் போட முடியும். டிரைவிங் டெஸ்டில் மூன்று தடவை ஃபெயில். மூன்றாவது தடவை டெஸ்ட் எடுத்த அம்மாள் இறங்கும்போது சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். கடைசியில் முப்பத்து நாலு வயதில், காலி பார்க்கிங் லாட்டில் விழுந்து எழுந்து சைக்கிள் கற்றுக்கொண்டேன். லைப்ரரிக்கும் காய் வாங்கவும் யாரையும் கெஞ்சாமல் போய்வர அது ஒன்றுதான் எனக்கு வழி.

சைக்கிளை டிரெய்லருக்குள்ளேயே வைத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தோம். அது சாய்ந்து அலமாரிக் கதவைப் பெயர்த்துவிட்டது. வேனில் புளிசாதத்துக்கே இடம் இல்லை. பின்னால் மாட்டலாம் என்றால் டிரெய்லரின் பம்பர் வெறும் தகரக் குழாய். அதற்குள் கக்கூஸ் ஹோஸைத்தான் சுருட்டி வைத்திருந்தார்கள். அதனால் அடியில் இருக்கிற இரும்புச் சட்டத்திலேயே ஓட்டை போட்டு, ஒரு குறுக்கு இரும்பை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அதன் நடுவில் சதுரமாக ஒரு துளை இருக்கும். சைக்கிள் மாட்டுகிற ஸ்டாண்டை அந்தத் துளையில் செருகிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் ரிசீவர் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து போன் பண்ணினார்.

"ரிசீவர் கெடச்சிருச்சு!"

"நம்ம போனு நல்லாத்தானுங்க இருக்குது, எதுக்கு வாங்குனீங்க?" என்றேன். அவர் போனையே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பெட்டியைப் பிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன வெல்டர். அவரிடம் டிரில்லை இரவல் வாங்கி, டிரெய்லருக்கு அடியில் படுத்து, ஆறு ஓட்டை போட்டார். வேர்வையும் இரும்புத்தூளும் அப்பி, பாதி மனுஷன் வெளியே, பாதி மனுஷன் உள்ளே. அப்புறம்தான் போல்ட்டை எண்ணினார். நாலுதான் இருந்தது.

"ரெண்டு போல்ட் குறையுது. ஹார்ட்வேர் கடைக்குப் போயிட்டு ஓடியாந்தர்றேன்."

"ஏனுங்க, சனிக்கிழமை யாராச்சும் இரும்பு வாங்குவாங்களா?"

"அது இரும்பில்லம்மா, ஸ்டீலு."

"ஸ்டீலு என்ன வேப்பமரத்துலயா காய்க்குது? கெமிஸ்ட்ரி படிச்சவகிட்டயே சொல்றீங்க பாருங்க!"

படித்தது ஒரு பக்கம், சனிக்கிழமை இரும்பு வாங்கினால் சனி பிடிக்கும் என்று எங்கம்மா சொன்னது ஒரு பக்கம். இரண்டும் எனக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் குடியிருந்தன. அதோடு, போன வருஷம் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் சனிக்கிழமை புல்வெட்டும் மெஷின் வாங்கி, அதை வண்டியிலிருந்து இறக்கும்போதே கால் பெருவிரலில் போட்டுக்கொண்டவர் அவர். முணுமுணுத்துக்கொண்டே கராஜுக்குப் போய், பழைய கட்டிலைப் பிரித்தபோது மிஞ்சிய இரண்டு போல்ட்டைக் கொண்டுவந்தார். ஓட்டைக்குள் அவை லொடலொட என்று ஆடின. வாஷர் மேல் வாஷராகப் போட்டு இறுக்கினார்.

டிரில்லைத் திரும்ப வாங்க வந்த வெல்டர் குனிந்து பார்த்தார். கட்டில் போல்ட்டை விரலால் ஆட்டினார். "இதுல நான் ஈரத்துண்டைக்கூடக் காயப்போட மாட்டேன். டிரெய்லரோட வாலு குதிக்கிற குதிக்கு உங்க சைக்கிள் ஹைவேல கெடக்கும். பின்னால வர்றவன் கதி?" என்று இங்கிலீஷில் கேட்டார். "கடை பத்து நிமிஷத்துலதான இருக்கு?"

"இன்னிக்கு சனிக்கிழமை" என்றார் என் வீட்டுக்காரர்.

"சனிக்கிழமை கடை திறந்திருக்குமே."

"கடை திறந்திருக்கு சார். நாங்கதான் மூடியிருக்கோம்."

மதம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று தெரிந்ததும் பாவம், அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். தன் கராஜில் நல்ல போல்ட் கிடக்கிறது, சும்மாவே தருகிறேன் என்றார். நான் இரண்டு கையையும் ஆட்டி ஐயோ வேண்டாம் என்றேன். சனிக்கிழமை காசு கொடுத்து இரும்பு வாங்கினாலே வினை, தானமாக வாங்கினால் அவர் வீட்டுச் சனியும் சேர்ந்தல்லவா வரும்? இதை எந்த இங்கிலீஷில் சொல்வது? தொப்பியை மாட்டிக்கொண்டு, டிரில்லோடு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் கட்டில் போல்ட் இரண்டையும் கழற்றி வீசினார்.

"அப்ப சைக்கிளு இங்கயே இருக்கட்டும். வெறும் சைக்கிளுதான? அங்க போட் இருக்குது, உக்காந்து வேடிக்கை பாரு."

"நீங்க போய் வாங்கிட்டு வரக்கூடாதா?" என்று என்னை அறியாமலே கேட்டுவிட்டேன்.

"நான் போக மாட்டேன் சாமி. அப்புறம் டயரு பஞ்சரானாக்கூட என் தலைலதான் விடியும். உனக்குச் சனிக்கிழமை வேணுமா, சைக்கிளு வேணுமா? நீயே முடிவு பண்ணிக்க."

வெறும் சைக்கிள்! எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. பேசினால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று, மாதிரிக்கு ஒரு நல்ல போல்ட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு சைக்கிளில் ஏறினேன். இல்லை, சுடிதார்தான் போட்டிருந்தேன், துப்பட்டாவில் முடிந்தேன். டெக்ஸாஸில் நடைபாதை இரண்டு தெருவுக்கு வரும், அப்புறம் அதுபாட்டுக்குக் காணாமல் போய்விடும். புல்லில் இறங்கித் தள்ளிக்கொண்டும், திரும்ப ஏறி மிதித்தும் கடைக்குப் போனேன். போகிற காரில் இருந்தவர்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைப் பையன் போல்ட்டை வாங்கிப் பார்த்து, "கிரேடு ஃபைவா, கிரேடு எயிட்டா?" என்றான். எந்த வகுப்பு வரை படித்தாய் என்றா கேட்கிறான்? எம்.எஸ்ஸி. என்று வாய் வரை வந்துவிட்டது. எட்டாங்கிளாஸ் எப்படியும் ஐந்தாங்கிளாஸுக்கு மேல்தானே என்று எட்டு என்றேன். "எட்டாம் நம்பர் போல்ட்தான் நல்ல கெட்டி" என்று பாராட்டி, இரண்டு போல்ட்டும் நட்டும் கொடுத்தான்.

நான் திரும்பி வந்தபோது அவர் இன்னும் டிரெய்லருக்கு அடியிலேயே படுத்திருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் எழப் போய்ச் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

"வாங்கிட்டயா? இன்னிக்கு சனிக்கிழமைம்மா! நீதான சொன்ன? சனி புடிச்சா ஏழரை வருஷம் விடாது, தெரியுமல்ல?"

எனக்கு மூச்சு வாங்கியது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷமாச்சுங்க. வேலை கெடையாது, காரு கெடையாது, ஒரு கொத்தமல்லி வாங்கறதுக்குக்கூட நீங்க ஆபீஸ்ல இருந்து எப்ப வருவீங்கன்னு சன்னல்லயே நின்னேன். அது எந்தச் சனிங்க?"

டிரெய்லருக்கு அடியிலிருந்து அவர் கை மட்டும் வெளியே நீண்டது. இரண்டு போல்ட்டையும் அதில் வைத்தேன்.