சட்டைப் பையில் மாமாவின் போன்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீன் வறுவல் விற்கும் அந்த அம்மா, புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பை நிறைய, கடலில் குளிக்கப் போனவர்கள் கொடுத்துவைத்த போன்கள்.

பீர் குடித்துவிட்டு நீந்தியே தீருவேன் என்று நின்ற என் அக்கா புருஷனும் போனை நீட்டினார்.

“லாக்க எடுத்துட்டுக் குடு தம்பி.”

“எதுக்கு?” என்றபடியே மாமா எடுத்துக் கொடுத்தார்.

“குடிச்சிருக்கியே. நீ திரும்பி வரலன்னா வீட்டுக்குச் சொல்லணும்ல. பொண்டாட்டிக்கு அடிக்கவா, அம்மாவுக்கு அடிக்கவா? யாரு கொஞ்சம் தாங்குவாங்க?”

மாமா அலையைப் பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“கடலு எங்கயும் போவாது. மீனுதான் ஆறிடும்” என்று அந்த அம்மா தட்டை நீட்டினார். காப்பாற்றினாரா, வியாபாரம் பார்த்தாரா என்று நான் யோசிப்பதற்குள் மாமா இரண்டாவது தட்டு கேட்டார். தின்று முடிக்கும்வரை போன் அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது.

சாயங்காலம் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்ததும் அக்கா வாசலிலேயே மறித்தாள்.

“யாரோ ஒரு பொம்பள உங்க போன்லேர்ந்து பேசுனா. ‘கவலப்படாத, உன் ஆளு எங்கிட்டதான் பத்திரமா இருக்காரு’ன்னா. யாரு அவ?”

பேர்கூடத் தெரியாது என்று நானும் சத்தியம் செய்தேன். அக்கா இன்றுவரை நம்பவில்லை.