அடுப்படியில் உருகிய நரை

எங்கள் கடலோர ஊர் சமானாவில் பசிலியோவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் உள்ளங்கையைப் பாவாடையிலோ கால்சட்டையிலோ துடைத்துக்கொள்வார்கள். பெயரைச் சொன்னாலே கை வழுக்குகிற மாதிரி ஒரு பிரமை. அப்படி எண்ணெயில் ஊறிய மனிதன்.

இந்தக் கடற்கரையில் முழங்கை வறண்டு சாம்பல் பூத்துத் தெருவில் இறங்குவது சட்டையில்லாமல் இறங்குவதைவிடக் கேவலம். எல்லோரும்தான் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். ஆனால் பசிலியோ தடவுவது வேறு. தலைக்கு, மீசைக்கு, புருவத்துக்கு, குதிகாலுக்கு, வெயில் சுட்ட முதுகுக்கு. வயிறு இறுகினால் உள்ளுக்கு ஒரு கரண்டி. ஒருமுறை அவன் கையில் உட்கார்ந்த கொசு வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. கதை கட்டுகிறேன் என்பீர்கள். அது நொண்டிக்கொண்டே பறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எண்ணெய் காய்ச்சுவது அவனுடைய அத்தை சிரிலா. மரம் ஏறிக் காய் பறிப்பது அவன். அப்படி ஒருநாள் மரத்திலிருந்து சறுக்கி, முழங்கால் முதல் பாதம்வரை தோல் உரிந்து, அதன்மேலும் எண்ணெயைக் கவிழ்த்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே புதிதாக வந்திருந்த நர்ஸ் நொயேமி. மலைமேல், பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற கொன்ஸ்டான்ஸாக்காரி.

"இது என்ன, காலா, வறுத்த மீனா?" என்றாள்.

"எண்ணெய் போட்டா ஆறிடும் சிஸ்டர்."

"வறண்ட தோலுக்குப் போடு, தலைக்குப் போடு, யாரு வேண்டாங்கறா? திறந்த காயத்துல போட்டா ஊர் அழுக்கெல்லாம் ஒட்டும். நீட்டு காலை. சோப்பு போட்டுக் கழுவணும்."

"எரியுமே!"

"எரியட்டும். அப்பவாவது புத்தி வருதான்னு பார்ப்போம்."

காயம் ஆறிவிட்டது. பசிலியோ மட்டும் கட்டு மாற்றப் போய்க்கொண்டேயிருந்தான். கட்ட இடமில்லாமல் போனபோது நொயேமியே சொல்லிவிட்டாள்: "கால் நல்லாயிடுச்சு. இனிமே வந்தா எங்க அப்பாகிட்ட பேசிட்டு வா."

அப்பாவிடம் பேசுவதுதான் மலையேற்றம். அந்த அப்பா ஒக்தாவியோவின் மூத்த மகள் ஒரு கிழவனைக் கட்டிக்கொண்டு, சீக்கிரமே விதவையாகிக் கறுப்புடை உடுத்தி வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். அதிலிருந்து அவருக்கு நரைமுடி என்றாலே ஆகாது, தன் தலையில் இருப்பதைத் தவிர. தொலைபேசியில் இடி இடித்தார்: "நாற்பதைத் தாண்டினவனுக்கு என் வாசல்ல காப்பிகூடக் கிடையாது. நேர்ல வரட்டும். முகத்தைப் பார்த்துத்தான் முடிவு."

பசிலியோவுக்கு முப்பத்துமூன்று. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் சிரிலா அத்தை விடுவாளா? புறப்படுகிற அன்று அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தலை, மீசை, புருவம் என்று முடிக்கு முடி எண்ணெய் ஏற்றினாள்.

"போதும் அத்தை, சொட்டுது."

"சொட்டட்டும்டா. இப்பத்தான் பொறந்த மாதிரி மினுமினுன்னு போய் நிக்கணும். வயசு என்னன்னு அந்த ஆளு வாயே திறக்கக்கூடாது."

அவன் பைக்குள் ஒரு புட்டியும் வைத்தாள், மாமியார் ஆகப்போகிறவளுக்கு.

நொயேமி விடுமுறையில் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டாள், எச்சரிக்க ஆளில்லை. பஸ் மாறி, மலையடிவாரத்தில் பூண்டு மூட்டை ஏற்றப் போகும் திறந்த லாரியின் பின்னால் ஏறிக்கொண்டான். ஜனவரிக் காலை. மேலே ஏற ஏறக் காற்று கத்தியாக வெட்டியது. தலை கலைந்துவிடுமே என்று தொப்பியைப் போடாமல் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டான் அந்த அறிவாளி. எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் தண்ணீர்போல ஓடும். குளிரில் அது என்ன ஆகும் என்று கேட்டால், "குளிர்னா என்ன?" என்று நாங்கள் திருப்பிக் கேட்போம்.

ஒக்தாவியோ கதவைத் திறந்தார். வாசலில் நின்றவருக்குத் தலை வெள்ளை, மீசை வெள்ளை, புருவம் வெள்ளை.

"வாங்க பெரியவரே," என்றார் மரியாதையாக. "பையன் பின்னால வர்றானா?"

"எந்தப் பையன்ங்க?"

"உங்க மகன். என் பொண்ணைக் கேக்க வர்றவன்."

"நான்தான்ங்க அது."

ஒக்தாவியோ கதவைப் பாதி சாத்தினார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார்: "நொயேமி! இங்க ஒருத்தர் வந்திருக்காரு. உனக்கு வேணாம், எனக்குப் பேச்சுத்துணைக்கு வச்சுக்கறேன்!"

ஓடி வந்த நொயேமி அவனைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் நீர். "அப்பா, அது எண்ணெய்! குளிர்ல உறைஞ்சுபோச்சு!"

"காதலிச்சவ கல்லைக்கூடக் கற்கண்டுன்னுதான் சொல்லுவா."

பசிலியோ சாட்சிக்குப் புட்டியை எடுத்தான். உள்ளே கல்லாய் வெள்ளை. கவிழ்த்தான், ஒரு சொட்டு விழவில்லை.

"பன்றிக்கொழுப்பு," என்றார் ஒக்தாவியோ. "எண்ணெய்னா கழுவினாப் போகணும்ல? போ, அந்தத் தொட்டியில கழுவு."

தொட்டித் தண்ணீரில் மெல்லிய பனித்தகடு மிதந்தது. பாவம், தலையை முக்கினான். நிமிர்ந்தபோது முன்னைவிட வெளுத்து, இரண்டு காதின் மேலும் மெழுகு வடிந்த மாதிரி கட்டிகட்டியாய் நின்றது.

"கழுவக் கழுவ வயசு ஏறுது!" என்றார் அவர். "அடுத்த லாரியில ஏத்தி அனுப்புங்க, இங்கேயே செத்துவைக்கப் போறாரு."

அவனுக்குப் பல் கிடுகிடுத்தது. நொயேமியின் அம்மா எர்சிலியாதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "கிழவனோ குமரனோ, வந்தவனை விறைச்சுச் சாக விடுவாங்களா? உக்காருப்பா." விறகடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, இஞ்சி டீயைக் கையில் கொடுத்தாள்.

டீ பாதி காலியாவதற்குள் அவள் அலறியது தெருமுனைவரை கேட்டதாம்.

"மாதாவே! ஏங்க, ஓடியாங்க! இவருக்கு வயசு ஒழுகுது!"

ஒக்தாவியோ ஓடி வந்தார். முதலில் மீசை கறுத்தது. பிறகு புருவம். வெள்ளையெல்லாம் கரைந்து கழுத்து வழியே சட்டைக்குள் இறங்க, முப்பத்துமூன்று வயதுப் பசிலியோ பளபளவென்று உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் உக்காந்தா தொட்டில்ல போட்டு ஆட்ட வேண்டியிருக்கும் போல," என்றாள் எர்சிலியா. சொட்டிய எண்ணெயை வீணாக்காமல், பூண்டு பிடுங்கிப் பிடுங்கி வெடித்துப்போன தன் விரல்களில் தேய்த்துக்கொண்டாள். "அம்மாடி, எவ்வளவு இதமா இருக்கு! பையன் இருக்கட்டுங்க."

ஆனால் ஒக்தாவியோ லேசில் நம்புகிறவரா? முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டுத் தானும் அடுப்பருகே உட்கார்ந்தார். புட்டியை நெருப்பில் காட்டி, இளகியதைத் தன் வெள்ளைத் தலையில் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். டீ ஆறியது. விறகு இரண்டு முறை போட்டாயிற்று. அடிக்கொருதரம், "ஏதாவது தெரியுதா?" என்று பெண்டாட்டியைக் கேட்டார்.

"மினுமினுப்பு தெரியுது. வெள்ளை அப்படியேதான் இருக்கு."

அவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்ப என்னோடது அசல். இவனோடதுதான் போலி," என்றார். "நொயேமி, காப்பி போடும்மா. மாப்பிள்ளைக்கு."

இப்போது பசிலியோவுக்கு அறுபது தாண்டிவிட்டது, தலையும் மீசையும் அசலாகவே வெள்ளை. வருடா வருடம் ஜனவரியில் அவனும் நொயேமியும் மலைக்குப் போகிறார்கள். இறங்கியதும் அவன் நேரே போய் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.

"உருகுதா?" என்று கேட்பாள் நொயேமி.

"இன்னும் கொஞ்சம் விறகு போடேன்," என்பான் அவன்.